பவுலின் கழற்றிப் போட்ட வண்டி

ஹட்டனில் பழைய வண்டி வாங்கித் திருத்தி ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் போய் நிற்கிற இடம் முனாப் நானாவின் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை. அவர் சாமான் விற்பதற்கு முன்னால் புத்தி சொல்லுவார். கேட்டாலும் சொல்லுவார், கேட்காவிட்டாலும் சொல்லுவார். பவுலின் போய் நின்ற அன்றைக்கும் சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டிவிட்டு எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தாள். அந்தக் கதைதான் இது.

பவுலினுக்கு நாற்பத்தொன்பது வயது. வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் லய வீட்டில் பிறந்தவள். மகள் டிலுக்ஷிக்கு ஐந்து வயதாக இருந்தபோது குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். இரண்டு வருடம் என்று சொல்லிப் போனது பதினாறு வருடமாகிவிட்டது. புருஷன் ஜோர்ஜ் மூன்றாவது வருடமே கொழும்பில் வேறு குடும்பம் பார்த்துக்கொண்டான். அந்த மனுஷனைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை. பிள்ளையை வளர்த்தது கொத்மலையில் இருக்கும் பவுலினின் அக்கா ஷிராணி. டிலுக்ஷி அங்கேயே படித்து, அங்கேயே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்புகளுக்கு டீச்சராகவும் ஆகிவிட்டாள். பவுலின் ஊர் திரும்பியபோது மகளுக்கு இருபத்தொரு வயது. பெரியம்மாவை அம்மா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டதால், பெற்றவளுக்கு மம்மி என்ற பெயர்தான் மிச்சமிருந்தது.

ஹட்டனில் ரயில் பாதைக்கு மேலே இரண்டு அறை வீடொன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ரோல்ஸும் பெட்டீஸும் சுட்டுக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைத்தாள் பவுலின். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை டிலுக்ஷி பஸ் ஏறி வருவாள். பதினொரு மணிக்கு வந்து மூன்றரை பஸ்ஸில் திரும்பிவிடுவாள். மரியாதையான பிள்ளை. கதிரையின் நுனியில் உட்காருவாள். "நீங்க சாப்பிட்டீங்களா மம்மி" என்று கேட்பாள். தேத்தண்ணி குடித்த கோப்பையைத் தானே கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் போவாள். வீட்டுப் பிள்ளைகள் கோப்பையைப் போட்டது போட்டபடி விட்டுப் போவதும், அம்மாமார்கள் அதற்குக் கத்துவதும் ஊர் வழக்கம். பவுலினுக்குக் கத்துவதற்கு ஒரு கோப்பை கூடக் கிடைக்கவில்லை. கவிழ்த்து வைத்த கோப்பையைப் பார்த்துக்கொண்டு அவள் பஸ் போன பிறகு அழுவாள்.

இப்படி இரண்டரை வருடம் போன பிறகு, ஒரு டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மகளை பஸ் ஏற்றிவிடப் போகிற வழியில் அது நடந்தது. மாதா கோயில் வாசலில் யாரோ ஒருவருடைய பழைய மொரிஸ் மைனர் பிக்கப் நின்றது. வெள்ளை நிறம், குண்டுக் கன்னம் மாதிரி மட்காட், பின்னால் பெட்டி. டிலுக்ஷி நின்று பார்த்தாள்.

"இது மாதிரி ஒன்னு இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்," என்றாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தாள்.

அவ்வளவுதான். வேறு யாராக இருந்தாலும் அந்தப் பேச்சை அங்கேயே விட்டிருப்பார்கள். பவுலின் அதைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை வாய் திறந்து ஒன்றை ஆசைப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று பதினாறு வருடம் அவளுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்திருந்தது. வாங்க வேண்டும், அட்டைப் பெட்டியில் அடுக்க வேண்டும், நான்கு பக்கமும் டேப் சுற்ற வேண்டும், அனுப்ப வேண்டும். பேசும் பொம்மை, பள்ளிக்கூடப் பை, கைக்கடிகாரம் எல்லாம் அப்படித்தான் போயின. ஆனால் பெட்டியைத் திறக்கிறபோது பிள்ளையின் முகம் எப்படி இருந்தது என்று அவள் ஒரு தடவை கூட நேரில் பார்த்ததில்லை. ஷிராணி எடுத்து அனுப்புகிற போட்டோவில்தான் பார்த்தாள். போட்டோ எடுக்கிற நேரத்துக்கு அந்த முதல் சந்தோஷம் முடிந்து போயிருக்கும்.

இந்தத் தடவை அந்த முகத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பவுலினுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதனால் வண்டி முழுசாக முடிகிற வரைக்கும் டிலுக்ஷியின் காதில் ஒரு வார்த்தை விழக்கூடாது என்று முடிவு செய்தாள். அக்காவிடம் கூட மூச்சு விடவில்லை.

முனாப் நானா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"ஒங்களுக்கு வண்டி வேல தெரியுமா தங்கச்சி?"

"தெரியாதுங்க நானா. லைசன்ஸ் மட்டும் எடுத்துட்டேன். பதினாறு வருசமா அடுத்தவங்க பிள்ளைய மடியில வச்சிக்கிட்டு பின் சீட்டுலயே ஒக்காந்திருந்தேன். வந்த ஒடனே மொத வேலயா அதத்தான் செஞ்சேன்."

"சரி. அப்ப காத நல்லாத் தொறந்து கேளுங்க. வண்டி பாக்கப் போனா மேல பாக்க வாணாம், கீழ பாருங்க. கையில ஒரு காந்தம் கொண்டு போங்க. ஒட்டுற எடத்துல தகரம் இரிக்கி. ஒட்டாத எடத்துல பட்டி பூசி ஏமாத்தி இரிக்காங்க. அடியில இரிக்கிற சேசிய ஸ்குரூ ட்ரைவரால குத்திப் பாருங்க. உள்ள போனா திரும்பிப் பாக்காம வந்துருங்க. வாங்கின பொறகு மொதல்ல பிரேக். நிக்கத் தெரியாத வண்டி ஓடத் தேவயில்ல. அப்புறம் இஞ்சின். நெறம் கடைசி. ஒரேயடியா எல்லாத்தையும் கழட்ட வாணாம். ஒரு பக்கத்தக் கழட்டினா மத்தப் பக்கத்தப் பாத்துப் பூட்டலாம். ரெண்டு பக்கத்தையும் கழட்டினீங்கன்னா வானத்துலருந்து மலக்குமாரு எறங்கி வந்தாலும் பூட்ட ஏலாது. கொஞ்சம் கொஞ்சமா செய்யணும், ஓட்டிக்கிட்டே செய்யணும். வெளங்கிச்சா?"

"வெளங்கிச்சு நானா."

விளங்கிய லட்சணம் பிறகு தெரிந்தது. ஆனால் காந்தம் விஷயத்தில் அவள் சொன்ன சொல் தட்டவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருந்த குவைத் ஒட்டகக் காந்தத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வட்டவளைக்குப் போனாள். அங்கே சின்னராசா என்ற மரக்கறி வியாபாரியின் கடைக்குப் பின்னால் ஒரு மொரிஸ் பிக்கப் பதினோரு வருடமாக நின்ற இடத்தில் நின்றது. வெளிநாட்டில் இருந்து புதிய வண்டி இறக்குவதை அரசாங்கம் நிறுத்தியிருந்த காலம் அது. பழைய தகரத்துக்கெல்லாம் திடீரென்று மவுசு வந்திருந்தது. சின்னராசாவும் அதைத் தெரிந்துதான் பேசினான். டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பவுலின் ஒட்டகத்தை ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தாள். கதவின் அடியில் வைத்தபோது ஒட்டகம் கீழே விழுந்தது, பின் மட்காட்டிலும் விழுந்தது. மற்ற இடமெல்லாம் பிடித்துக்கொண்டது. சேசியைக் குத்தினாள். இரண்டு இடத்தில் மட்டும் துருப்பொடி உதிர்ந்தது.

"கோழி பொரிச்ச பொறகு எடுத்துக்கிறேங்க," என்றாள். சின்னராசா அதற்குள் விலையைப் பற்றி மறந்து சிரித்துவிட்டான்.

ஜனவரிக் கடைசியில் லொறி ஒன்றில் கட்டி இழுத்து வந்து முனாப் நானாவின் கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் நிறுத்தினார்கள். வாடகை வேண்டாம் என்றார் நானா. புத்தி சொல்ல ஆள் கைக்கெட்டிய தூரத்தில் இருப்பதே அவருக்குப் போதும்.

கிழமை நாளில் பவுலினுக்கு விடிவதற்கு முன்னாலேயே அடுப்பு வேலை. ஓய்ந்திருக்கிற ஒரே நாள் ஞாயிறு. காலைப் பூசை முடிந்ததும் நேரே கொட்டகைக்குப் போய், பழைய சட்டையை மாட்டிக்கொண்டு வண்டிக்குக் கீழே நுழைந்துவிடுவாள். முதல் ஞாயிறு பானட்டையும் கதவுகளையும் கழற்றினாள். இரண்டாவது ஞாயிறு சீட், தரைத் தகடு, பெட்ரோல் டாங்கி. துருப்பிடித்த நட்டுக்கு முதல் நாளே டீசல் ஊற்றி ஊற வைக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டாள். அடித்துத் திருப்பினால் போல்ட் உடைந்து பாதி உள்ளே நின்றுவிடும் என்பதை மூன்று போல்ட் உடைத்த பிறகு கற்றுக்கொண்டாள். கழற்றிய சாமான்களைக் கடைகளில் வாங்கிய பிஸ்கட் பெட்டிகளில் போட்டு, டேப் சுற்றி, மேலே மார்க்கரால் பெரிய எழுத்தில் எழுதினாள். வலது கதவு. இடது கதவு. லைட். விளங்காத சாமான். விளங்காத சாமான் மட்டும் நான்கு பெட்டி வந்தது.

மார்ச் மாதத்தில் ஒருநாள் முனாப் நானா கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். வண்டி நான்கு கட்டைகளின் மேல் எலும்பும் தோலுமாக நின்றது. நான்கு டயரும் இல்லை. நான்கு பிரேக் டிரம்மும் திறந்து கிடந்தன. ஸ்பிரிங், பிரேக் ஷூ எல்லாம் ஒரே பெட்டியில் ஒற்றுமையாக இருந்தன.

"நாலையும் கழட்டிட்டீங்களா?"

"சுத்தமா இருக்கட்டும்னு தான் நானா."

"சுத்தமாத்தான் இரிக்கி," என்றார் நானா. "இப்ப எந்த ஸ்பிரிங் எங்கன்னு யார்ட்ட கேப்பீங்க?"

அவர் கோபத்தில் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாவது நாள் அவரே பொகவந்தலாவையில் ஓடுகிற மொரிஸ் மைனர் ஒன்றைக் கண்டுபிடித்து, அதன் சொந்தக்காரரைக் கெஞ்சி, ஒரு சக்கரத்தைக் கழற்றிப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்தார். பவுலினுக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து நான்கு சக்கரத்தையும் அவளே பூட்டினாள். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று நின்று சூடு பழகிய கை அவளுடையது. ஸ்பிரிங் தெறித்து விரலை நசுக்கியபோதும் விடவில்லை.

ஆனால் அவள் இந்த வேலையில் செய்த பெரிய பிழை பிரேக் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குப் போனால், வருகிற மகளை யார் பார்ப்பது? பிப்ரவரி முதல் வாரமே போன் எடுத்துச் சொல்லிவிட்டாள்.

"இந்த ஞாயிறு வராதம்மா. மம்மிக்கு ஒரு வேல இருக்கு."

"சரி மம்மி," என்றாள் டிலுக்ஷி.

அடுத்த முறையும் அதே பேச்சு. அதற்கு அடுத்த முறையும். பிள்ளை ஒரு தடவை கூட என்ன வேலை என்று கேட்கவில்லை. அந்த மௌனம் பவுலினுக்கு வசதியாக இருந்தது. அவளுக்கு ஏக்கம் இல்லாமல் இல்லை. பதினொரு மணி பஸ் வருகிற சத்தம் கொட்டகைக்குள் கேட்கும். அந்த நேரத்தில் கை தானாக நின்றுவிடும். இப்போது வந்து இறங்கியிருப்பாள், இப்போது கோயில் வளைவைத் தாண்டியிருப்பாள் என்று மனம் கணக்குப் போடும். இன்னும் கொஞ்ச நாள்தான், பிறகு ஆயுசு முழுக்க ஞாயிறு இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடியும் துருவைச் சுரண்டுவாள். குவைத்தில் பதினாறு வருடமும் அவள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. எனக்கு அவள் மேல் இதில்தான் கோபம்.

ஜூன் மாதத்தில் ஒருநாள் டிலுக்ஷியே போன் எடுத்தாள்.

"இந்த ஞாயிறு வரட்டா மம்மி? கொஞ்ச நேரம் வந்துட்டு ஒடனே போயிர்றோம்."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் டிங்கர் வேலை செய்கிற சுமன் சேசிக்கு வெல்டிங் வைக்க வருவதாக இருந்தது. அவனைப் பிடிப்பதற்கு ஒரு மாதம் அலைந்திருந்தாள். "அடுத்த கெழம பாப்போமே," என்றாள் பவுலின். போயிர்றோம் என்று பிள்ளை பன்மையில் சொன்னது அவள் காதில் ஏறவேயில்லை.

சேசி நேரானது. இஞ்சினை இறக்கி, கழுவி, புதிய கேஸ்கட் போட்டு ஏற்றினார்கள். பவுலின் மனதில் ஒரு பெரிய பட்டியல் இருந்தது. பழைய டைனமோவை எடுத்துவிட்டு ஓல்டர்னேட்டர் வைக்க வேண்டும். பனிமூட்டத்தில் லைட் நன்றாக எரிய வேண்டும். தனித்தனியான இரண்டு சீட்டுக்குப் பதிலாக ஒரே நீள சீட் வைக்க வேண்டும். மேலே ரோஸ் நிற ரெக்ஸின். ரோஸ் நிறத் துணியைக் கொழும்பில் இருந்து வரவழைத்தும் விட்டாள். ஐந்து வயதில் டிலுக்ஷி ரோஸ் நிறச் சட்டை தவிர வேறு எதையும் போட மாட்டாள்.

"மாத்துறத எல்லாம் பொறகு மாத்துங்க," என்று தலையில் அடித்துக்கொண்டார் நானா. "இஞ்சின் போட்டாச்சி. பிரேக் இரிக்கி. இப்பவே கொஞ்சம் ஓட்டுங்க. ஓட்டினாத்தான் வண்டிக்கு என்ன வேணும்னு வண்டியே சொல்லும். புள்ளையக் கூட்டிட்டு வந்து காட்டுங்களேன்."

"இந்தக் கோலத்துலயா? முடிச்சிட்டுத்தான் நானா காட்டணும்."

ஆகஸ்ட் மாதம் இரண்டாவது ஞாயிறு. காலையில் இருந்து விடாத மழை. பவுலின் வண்டிக்குக் கீழே படுத்துக்கொண்டு தரைத் தகடு துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஒக்சைட் பூசிக்கொண்டிருந்தாள். யாரோ கொட்டகைக்குள் வருகிற சத்தம் கேட்டது. நானா என்று நினைத்துப் பேசாமல் இருந்தாள். கீழிருந்து தெரிந்தது கறுப்புச் சப்பாத்து, ஈரமான சேலைக் கரை. டீச்சர்மார் உடுத்துகிற சேலை.

"மம்மி?"

பவுலின் வெளியே வந்தாள். தலையெல்லாம் துரு, கன்னத்தில் சிவப்புப் பெயின்ட். மகளைப் பார்த்ததும் முதலில் என்ன செய்தாள் தெரியுமா? பக்கத்தில் கிடந்த தறப்பாளை இழுத்து வண்டியை மூடப் பார்த்தாள்.

"பாக்காதம்மா. இன்னும் முடியல."

"பக்கத்து வீட்டு பிரியந்தி அக்காதான் சொன்னாங்க, ஞாயித்துக்கெழமயில இங்கதான் இருப்பீங்கன்னு," என்றாள் டிலுக்ஷி. "போன் பண்ணேன், நீங்க எடுக்கல. என்னா இது?"

"ஒனக்குத்தான்."

"எனக்கா?"

"நீதானே கேட்ட. கோயில் வாசல்ல வச்சு. இது மாதிரி ஒன்னு இருந்தா நல்லா இருக்கும்னு."

டிலுக்ஷிக்கு அது ஞாபகம் வரவில்லை. தறப்பாள் நழுவிக் கீழே விழுந்தது. கதவில்லாத, கண்ணாடியில்லாத, பாதி சிவப்பும் பாதி சாம்பலுமான வண்டியை அவள் பார்த்தாள். சுவர் ஓரமாக அடுக்கியிருந்த, டேப் சுற்றிய பெட்டிகளைப் பார்த்தாள். சுருட்டி வைத்த ரோஸ் ரெக்ஸினைப் பார்த்தாள். அந்தப் பெட்டிகளைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதுக்காகத்தான் என்னைய வர வேணான்னு சொன்னீங்களா?"

"முடிச்சிட்டு ஒரேயடியா காட்டலாம்னு…"

"எனக்குக் கல்யாணம் பேசியாச்சு மம்மி," என்றாள் டிலுக்ஷி. கத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லுகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். "ஒக்டோபர்ல கோயில்ல நாள் குடுத்திருக்காங்க. அவர் பேரு ஜூட்சன். ஜூன் மாசம் நான் போன் எடுத்தேனே, அன்னைக்கு அவரையும் அவங்க அம்மாவையும் ஒங்ககிட்ட கூட்டிட்டு வரத்தான் கேட்டேன். மொதல்ல ஒங்களுக்குக் காட்டணும்னு நெனச்சேன். நீங்க அடுத்த கெழமன்னீங்க. அவங்களுக்கு அடுத்த கெழம ஏலாது. அதுனால கொத்மலயில அம்மா வீட்டுலயே எல்லாம் பேசி முடிச்சிட்டாங்க."

பவுலின் டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தாள்.

"எனக்கு சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லத்தான் வந்தேன். எந்த ஞாயிறு வர்றது?" குடையைக் கையில் எடுத்துக்கொண்டாள். "நீங்க வந்துட்டீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு என்னமோ நீங்க இன்னும் குவைத்துலதான் இருக்கீங்க."

கல்யாணம் முடிந்ததும் கொழும்புப் பக்கம் வத்தளைக்குக் குடிபோகிறார்கள், ஜூட்சனுக்கு அங்கேதான் வேலை என்பதையும் சொன்னாள். மூன்றரை பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. ஆனாலும் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். பவுலின் பின்னால் ஓடவில்லை. ஓடியிருக்கலாம். சிவப்புப் பெயின்ட் கையோடு மகளின் வெளுத்த சேலையைத் தொடக்கூடாது என்று அந்த நேரத்திலும் அவளுக்கு யோசனை போனது.

பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்து முனாப் நானா கொட்டகைக்கு வந்தபோது அவள் அதே டயரில் உட்கார்ந்திருந்தாள்.

"பூட்டிக் குடுங்க நானா. இருக்கிறது இருக்கிறபடியே பூட்டிக் குடுங்க. நெறம் வேணாம், ரெக்ஸின் வேணாம். ஓடினா போதும்."

முனாப் நானா ஸ்பேனர் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் குந்தினார்.

ஐந்து கிழமை ஆனது. கடைக்குப் போகிற ரோல்ஸ் கொஞ்சம் குறைந்தது. கிழமை நாளிலும் மத்தியானத்தில் வந்து நின்று பூட்டினாள். விளங்காத சாமான் நான்கு பெட்டியும் மெல்ல மெல்ல விளங்கின. கடைசியில் ஒரு கை நிறைய வாஷர்தான் மிச்சம். வண்டிப் பத்திரங்களைப் புதுப்பிக்க நானாவே அலைந்தார். பிரேக்கை மட்டும் மூன்று தடவை பார்த்தார். கொட்டகலை வரைக்கும் அவளை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு போய் வந்தார். இறங்கும்போது, "நிக்குது," என்றார்.

செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பவுலின் தனியாகக் கொத்மலைக்குப் புறப்பட்டாள். வண்டியைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். உடம்பெல்லாம் ரெட் ஒக்சைட். வலது கதவு மட்டும் வேறொரு வண்டியில் இருந்து வந்த பச்சை. நீள சீட்டில் வெறும் ஸ்பொஞ்சும் அதன் மேல் ஒரு படுக்கை விரிப்பும். தலவாக்கலையில் பழக்க தோஷத்தில் பேக்கரிக்கு முன்னால் நிறுத்தினாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கேக்கைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பெட்டியைக் கையில் கொடுத்தால் பிள்ளை பெட்டியை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லும், அதோடு முடிந்துவிடும் என்று பயம் வந்தது. ஒன்றும் வாங்காமல் வண்டியில் ஏறினாள். பூண்டுலோயா இறக்கத்தில் வெறுங்கையோடு போகிறோமே என்ற நினைப்பு அவளை விடவில்லை. யார் வீட்டுக்கும் அவள் அப்படிப் போனதில்லை.

வண்டிச் சத்தத்துக்கு ஷிராணிதான் முதலில் வெளியே வந்தாள். பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி டிலுக்ஷியைக் கூப்பிட்டாள். தலை குளித்து ஈரத்தோடு வந்து நின்றாள் டிலுக்ஷி. பவுலின் இறங்கவில்லை. இறங்கினால் ஏதாவது கொடுக்க வேண்டும் போல அவளுக்கு இருந்தது.

"இன்னும் முடியல," என்றாள். "ஒன் பக்கத்துக் கண்ணாடி எறங்காது. மழ வந்தா கால்ல தண்ணி அடிக்கும். ஆனா ஓடுது. ஒக்காந்து பாக்குறியா?"

டிலுக்ஷி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பச்சைக் கதவில் விரலால் தட்டிப் பார்த்தாள். பிறகு இடது பக்கக் கதவைத் திறந்தாள். அது பாதியில் சிக்கியது, தோளால் தள்ளித் திறந்து ஏறி உட்கார்ந்தாள். ஷாம்புவும் பெட்ரோலும் சேர்ந்து மணத்தது. பவுலின் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. எட்டு மாதம் எந்த முகத்துக்காகத் தவம் கிடந்தாளோ அதைப் பார்க்கத் தைரியமில்லாமல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போறோம்?" என்று கேட்டாள் டிலுக்ஷி.

லைட், சீட், நிறம் என்று அத்தனையும் யோசித்த பவுலின் இதை யோசிக்கவேயில்லை. பிள்ளைக்கு எந்த இடம் பிடிக்கும், சும்மா இருக்கிற நாளில் எங்கே போவாள், யாரோடு போவாள், எங்கே நின்று ஐஸ்கிரீம் வாங்கித் தின்பாள் என்று ஒன்று கூட அவளுக்குத் தெரியாது.

"எனக்கு ஒரு எடமும் தெரியலம்மா," என்றாள். "நீ எப்பவும் போற எடம் ஏதாச்சும் இருந்தா சொல்லு. அங்க போவோம்."

டிலுக்ஷி ஈரத் தலைமுடியை ஒதுக்கிவிட்டு ரோட்டைப் பார்த்தாள்.

"ஸ்கூலுக்கு வேணும்னா போவோம்," என்றாள். "ஞாயித்துக்கெழம பூட்டியிருக்கும். வெளியில நின்னு என் கிளாஸ காட்டுறேன்."

பவுலின் ஸ்டாட்டரை இழுத்தாள்.